கிதாருக்கு எதிரான ஊர்வலமும் பரிசோதனைக் கலையும்

1967 ஜூலை 17 அன்று பிரேசிலின் சாவோ பாலோ நகரில் ஓர் ஊர்வலம் நடந்தது. நாட்டில் ராணுவ ஆட்சி தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆட்சியை எதிர்த்துத்தான் ஊர்வலம் போயிருப்பார்கள் என்று தோன்றும். அவர்கள் எதிர்த்தது எலெக்ட்ரிக் கிதாரை. புகழின் உச்சியில் இருந்த பாடகி எலிஸ் ரெஜினா முன்னால் நடந்தார். வடகிழக்கில் இருக்கும் பையா மாநிலத்திலிருந்து வந்து, அப்போதுதான் பெயர் வாங்கிக்கொண்டிருந்த ஜில்பெர்ட்டோ ஜில்லும் கூட நடந்தார். ஜில்லின் நெருங்கிய நண்பரும் அதே மாநிலத்துக்காரருமான காயெத்தானோ வெலோசோ போகவில்லை. பாடகி நாரா லியாவோவுடன் ஒரு ஹோட்டல் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாசிஸ்டுகளின் ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்று நாரா சொன்னதாக வெலோசோ பின்னாளில் எழுதியிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்து, அதே ஜில் ஒரு தொலைக்காட்சி இசைப் போட்டியின் மேடையில் எலெக்ட்ரிக் கிதார் குழுவோடு ஏறினார். அந்த மேடையில் தொடங்கி ஒன்றரை வருடத்துக்குள் ராணுவத்தால் முடித்துவைக்கப்பட்ட இயக்கத்துக்கு ட்ரோப்பிக்காலியா என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் பரிசோதனைக் கலையும் வெகுஜனக் கலாச்சாரமும் இத்தனை நெருக்கமாக ஒன்றையொன்று உரசிக்கொண்ட இடங்கள் அதிகம் இல்லை.

தீவிரக் கலை பேசுகிறவர்களிடம் பொதுவாக ஓர் எண்ணம் உண்டு. சினிமாப் பாட்டு, டிவி, விளம்பரம், மலிவுப் பத்திரிகை எல்லாம் ரசனையைக் கெடுப்பவை. கலைஞன் அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறானோ அவ்வளவு நல்லது. கொஞ்சம் தாராளமானவர்கள், மக்களை உள்ளே இழுக்க ஒரு தூண்டிலாக அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டு பேச்சிலும் வெகுஜனக் கலாச்சாரம் வெளியே நிற்கும் பொருள்தான். பிரேசில்காரர்கள் காட்டியது வேறு. பரிசோதனைக்கு வேண்டிய அடிப்படைச் சரக்கே அங்கேதான் இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், இடதுசாரிக் கலைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் இசை ஓர் அரணாகிவிட்டது. சம்பா என்ற பிரேசில் ஆட்ட இசையும் வடகிழக்கு நாட்டுப்புற மெட்டுகளும் மக்களின் குரல். மின்சாரம் இல்லாத சாதாரணக் கிதாரில் பாடுவதே உண்மையானது. எதிர்ப்பக்கம் ரொபெர்ட்டோ கார்லோஸ். 1965 முதல் டிவி ரெகார்ட் என்ற நிறுவனத்தின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அவரும் கூட்டாளிகளும் ராக் அண்ட் ரோல் பாணியில் காதல் பாட்டுப் பாட, இளைஞர் கூட்டம் அலைமோதியது. காரும் காதலும் தவிர அந்தப் பாட்டுகளில் ஒன்றுமில்லை, அமெரிக்கக் குப்பை என்று படித்தவர்கள் ஒதுக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை: கிதாருக்கு எதிரான ஊர்வலமே அதே டிவி ரெகார்டின் புதிய நிகழ்ச்சி ஒன்றையொட்டித்தான் நடந்தது. சந்தையை எதிர்ப்பதையும் சந்தையே ஏற்பாடு செய்து கொடுத்தது.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. அளவில் மிகச் சிறியது. 1950களிலிருந்து சாவோ பாலோவில் கான்க்ரீட் கவிதை எழுதிவந்த அகுஸ்தோ, அரோல்டோ என்ற காம்போஸ் சகோதரர்களும் தேசியோ பிக்னத்தாரியும் அதில் உண்டு. சொற்களைப் பக்கத்தில் படம்போல அடுக்கி, இலக்கணத்தை விட்டுவிட்டு வடிவத்தால் பேசவைத்தவர்கள். ஜெர்மனிக்குப் போய் ஸ்டாக்ஹௌஸன் போன்றவர்களிடம் நவீன இசை பயின்று வந்த ரொஜேரியோ டுப்ராட் உண்டு. ரியோவில் அருவ ஓவியத்திலிருந்து கிளம்பி, பார்வையாளரின் உடம்பையே கலைக்குள் இழுத்த எலியோ ஒய்ட்டிசிக்கா உண்டு. உலகத் தரமான வேலை. ஆனால் கேட்கவும் பார்க்கவும் வந்தவர்கள் பெரும்பாலும் அவர்களைப் போன்றவர்களே.

இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் ஆள் எண்ணிக்கைப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது அழகியல் பிரச்சினையாகவே படுகிறது. நவீன இசைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி வருகிறவர் விசித்திரமான சத்தத்தை எதிர்பார்த்தே வருகிறார். அவர் எதிர்பார்த்தபடி விசித்திரமான சத்தம் வருகிறது. இதில் எது உடைந்தது? காதுக்குள் ஏற்கனவே குடியிருக்கும் ஒரு மெட்டு, ஒரு தாளம், ஒரு கதைப் போக்கு மேல் கை வைக்கும்போதுதான் கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். கோடிக்கணக்கானவர்களின் காதில் குடியிருப்பதை வெகுஜனக் கலாச்சாரம் வைத்திருக்கிறது. அதைத் தெரியாதவனுக்கு எதை மீறுகிறோம் என்பதே தெரியாது.

ஜில்லிடமும் வெலோசோவிடமும் இந்த மாற்றம் கோட்பாடாக வரவில்லை. வெலோசோவின் தங்கையும் பாடகியுமான மரியா பெத்தானியா, "ரொபெர்ட்டோ கார்லோஸின் நிகழ்ச்சியைப் பார், அதில்தான் உயிர் இருக்கிறது" என்ற பொருளில் அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜில் 1967 தொடக்கத்தில் பெர்னம்புக்கோ மாநிலத்துக்குப் போனவர், கருவாரு ஊரின் புல்லாங்குழல் வாத்தியக் குழுவைக் கேட்டு அசந்துபோனார். அதே மாதங்களில் அவர் காதில் விழுந்துகொண்டிருந்த இன்னொரு இசை பீட்டில்ஸ். ஒன்று மண்வாசனை, மற்றது இறக்குமதி என்று தரம் பிரிக்க அவரால் முடியவில்லை. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தால் என்ன என்று யோசித்தார். அப்படிப்பட்டவர் ஜூலையில் ஊர்வலத்தில் ஏன் நடந்தார்? எலிஸ் மேலிருந்த அன்பும் மரியாதையும் ஒரு காரணம் என்று பிற்பாடு சொன்னார். மனிதர்கள் கோட்பாட்டைவிடக் குழப்பமானவர்கள்.

அக்டோபர் 21, டிவி ரெகார்ட் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. அந்தப் போட்டிகளை இன்றைய ரியாலிட்டி ஷோக்களின் கணக்கில் நினைக்கக் கூடாது. மாணவர் கூட்டம் அரங்கை நிறைத்துக்கொண்டு, பிடிக்காத பாட்டை முழுதாகப் பாடவே விடாது. அந்த வருடம் செர்ஜியோ ரிக்கார்டோ என்ற பாடகர் கூச்சல் தாங்காமல் தன் கிதாரை உடைத்துப் பார்வையாளர்கள் மேலேயே எறிந்தார். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் வெலோசோ ஓர் அர்ஜென்டினா ராக் குழுவோடு வந்து நின்றார். அவர் பாட்டில் ஓர் இளைஞன் கையில் அடையாளச் சீட்டுகூட இல்லாமல் தெருவில் நடக்கிறான். பத்திரிகைக் கடையில் விண்வெளிக் கலங்கள், கெரில்லாப் போர்கள், வெடிகுண்டு, பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ எல்லாம் ஒரே வரிசையில் தொங்குகின்றன. நடுவில் கோகோ கோலா குடிக்கிறான். அரசியல் பாட்டுக்குரிய வீராவேசமும் காதல் பாட்டுக்குரிய உருக்கமும் அதில் இல்லை. கூச்சலோடு தொடங்கிய அரங்கம் கடைசியில் சேர்ந்து பாடியது.

ஜில்லின் பாட்டு இன்னும் சிக்கலானது. ஜோசே, ஜுவாவோ என்று இரண்டு நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவன் பொருட்காட்சிப் பூங்காவுக்குப் போகிறான், தான் விரும்பும் ஜூலியானா நண்பனோடு ராட்டினத்தில் சுற்றுவதைப் பார்க்கிறான், கத்தி எடுக்கிறான். மலிவுப் பத்திரிகையின் கொலைச் செய்தி, அவ்வளவுதான். ஆனால் அது சொல்லப்பட்ட விதம்! ஐஸ்கிரீம், ரோஜா, ரத்தம் என்று சிவப்பு மட்டும் துண்டு துண்டாக வந்து வந்து போகிறது; ராட்டினம் சுற்றச் சுற்ற வரிகளும் சுற்றுகின்றன. கப்போயெய்ரா ஆட்டத்துக்கு வாசிக்கும் ஒற்றைத் தந்தி வாத்தியமான பெரிம்பாவ் ஒரு பக்கம், ஒஸ் முத்தான்ட்டெஸ் என்ற பதின்வயதுக் குழுவின் எலெக்ட்ரிக் கிதார் மறுபக்கம், இரண்டையும் சுற்றி டுப்ராட் எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா. பிக்னத்தாரி இதைக் கேட்டுவிட்டு சோவியத் சினிமா இயக்குநர் ஐசன்ஸ்டைனின் படத்தொகுப்போடும், வெலோசோவின் பாட்டைப் பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் கைக்காமிராவோடும் ஒப்பிட்டார். ஜில்லுக்கு இரண்டாம் பரிசு, வெலோசோவுக்கு நான்காம் பரிசு. கான்க்ரீட் கவிஞர்கள் பதினைந்து வருடமாகச் சிற்றிதழ்களில் செய்துபார்த்ததன் பலன் ஒரே இரவில் சமையலறைகளுக்குள் போய்ச் சேர்ந்தது.

இதில் டுப்ராட்டின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுவாகக் கதையில் அவர் பின்னுக்குப் போய்விடுகிறார். நவீன இசையின் கறாரான இலக்கணம் எல்லாம் கற்றவர் பாப் பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வந்தது இறங்கிவந்ததாகப் பேசப்பட்டது. அவருக்குக் கிடைத்ததைப் பாருங்கள்: பதிவுக்கூடம், ஒலிநாடா, கிதாரின் உறுமல், எதற்கும் தயாரான இளம் கலைஞர்கள். முத்தான்ட்டெஸ் சகோதரர்களின் அண்ணன் வீட்டிலேயே கிதாரும் ஒலியை முறுக்கும் பெட்டிகளும் செய்துகொடுத்தார். ஒரு பதிவில் தாளத் தட்டு ஒலிக்குப் பதிலாகப் பூச்சிமருந்து அடிக்கும் பம்பை அழுத்தி அந்தச் 'சிஸ்' சத்தத்தையே தாளமாக்கினார்கள். புது ஒலிக்கு வேண்டிய கருவியும் பணமும் அந்தக் காலத்தில் பாப் இசையிடம் இருந்தன.

1968இல் எல்லோரும் சேர்ந்து வெளியிட்ட ட்ரோப்பிக்காலியா இசைத்தட்டில் இரண்டு பாட்டுகளை எடுத்துக்கொண்டால் இந்த உறவு இன்னும் தெளிவாகும்.

ஒன்று, ஜில்லும் வெலோசோவும் சேர்ந்து எழுதிய 'பாட்மாகும்பா'. காமிக்ஸ் வீரன் பாட்மேனையும், ஆப்பிரிக்க வழிவந்த பிரேசில் வழிபாடான மாகும்பாவையும் ஒட்டவைத்த ஒரே சொல். பாட்டு முழுக்க அந்த ஒரு வரிதான். ஒவ்வொரு முறையும் கடைசி அசை உதிர்ந்துகொண்டே போய் முதல் அசை மட்டும் மிஞ்சும். பிறகு ஒவ்வோர் அசையாகத் திரும்ப வளரும். தாளில் எழுதிப் பார்த்தால் வௌவால் சிறகை விரித்த மாதிரி ஓர் உருவம். சுத்தமான கான்க்ரீட் கவிதை. அதே சமயம், குழந்தைகூடக் கைதட்டிப் பாடக்கூடிய பாட்டு. காமிக்ஸை எடுத்துவிட்டால் இதில் கவிதையே இல்லை.

இன்னொன்று எனக்கு அதிக ஆச்சரியம் தருவது. 1930களில் விசென்ட்டே செலெஸ்டினோ என்ற பாடகர் தொண்டை கிழியப் பாடிப் பிரபலமாக்கிய கண்ணீர்ப் பாட்டு. காதலி, "உன் அம்மாவின் இதயத்தைக் கொண்டுவா" என்று கேட்கிறாள். உழவன் ஒருவன் அம்மாவைக் கொன்று இதயத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். வழியில் தடுக்கி விழுந்து கால் உடைகிறது. தரையில் கிடக்கும் இதயம் கேட்கிறது: "அடிபட்டதா, மகனே?" நம் ஊரில் பட்டிமன்ற மேடைகளிலும் இந்தக் கதை ஓடியிருக்கிறது, கேட்டவர்களுக்கு ஞாபகம் வரும். படித்த பிரேசில்காரர்களுக்கு இந்தப் பாட்டு வெட்கக்கேடு. வெலோசோ அதை எடுத்தார். கிண்டல் செய்யத்தான் எடுத்திருப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் கிண்டலே செய்யவில்லை. டுப்ராட் கனமான தந்தி இசை எழுத, வெலோசோ மெல்லிய குரலில், ஒரு வரியைக்கூட அழுத்தாமல் பாடினார். கேட்கிறவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போகிறது. மலிவானது என்று நாம் தள்ளிவைத்த உணர்ச்சி இன்னும் நமக்குள் வேலை செய்வது தெரிந்துவிடுகிறது.

வெகுஜனக் கலாச்சாரத்தோடு உறவாடுவது என்றால் அதை மேற்கோள் குறிக்குள் வைத்துப் புன்னகைப்பது என்று நினைக்கிற ஒரு பாணி உண்டு. அது சுலபம், பாதுகாப்பும்கூட. 'இது குப்பை என்று எனக்கும் தெரியும்' என்று கண்ணடித்துக்கொண்டே குப்பையைக் காட்டலாம். அப்படிச் செய்கிறவர் எதையும் பணயம் வைப்பதில்லை. வெலோசோ அந்தப் பாட்டில் தன் ரசனையையே பணயம் வைத்தார். மேல்தட்டு ரசனை என்பதில் எவ்வளவு வர்க்கப் பயம் கலந்திருக்கிறது என்று அப்போதுதான் வெளியே வந்தது.

ஒய்ட்டிசிக்காவின் அனுபவமும் இதே திசைதான். 1964இல் அவர் ரியோவின் மாங்கெய்ரா குன்றுக் குடியிருப்புக்குப் போனார். அங்கே சம்பா ஆடக் கற்றுக்கொண்டு, மாங்கெய்ரா சம்பாக் குழுவில் ஆடுபவராகவே ஆனார். அதிலிருந்து பாராங்கோலே வந்தது: சாக்கு, துணி, பிளாஸ்டிக்கால் ஆன மேலங்கிகள். சுவரில் மாட்டினால் அர்த்தமில்லை. உடுத்தி ஆடினால்தான் கலை. 1965இல் மாங்கெய்ரா நண்பர்களோடு ரியோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு ஆடிக்கொண்டு வந்தபோது, அவர்களை உள்ளே விடவில்லை. வெளியே தோட்டத்தில் ஆடினார்கள். 1967 ஏப்ரலில் அதே அருங்காட்சியகத்துக்குள் அவர் அமைத்த படைப்பின் பெயர்தான் 'ட்ரோப்பிக்காலியா'. மணல், செடிகள், உயிருள்ள கிளிகள், குடிசை போன்ற அறைகள். இருட்டான சுற்றுவழி ஒன்றின் முடிவில் ஓடிக்கொண்டிருக்கும் டிவி பெட்டி. ஓர் அறையில் எழுதியிருந்த வாசகம்: 'தூய்மை ஒரு கட்டுக்கதை'. வெலோசோ தன் பாட்டு ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தபோது படைப்பை நேரில் பார்த்திருக்கவில்லை. ஒரு சினிமாத் தயாரிப்பாளர் சொல்லித்தான் பெயர் வந்தது.

இவர்களுக்கு ஒரு தாத்தா உண்டு. கவிஞர் ஓஸ்வால்ட் டி ஆந்த்ராடே 1928இல் வெளியிட்ட 'நரமாமிச அறிக்கை'. பிரேசிலின் பழங்குடிகள் 1556இல் போர்த்துகீசிய ஆயர் ஒருவரைத் தின்றுவிட்டதாகச் சொல்லப்படும் சம்பவத்திலிருந்து ஆண்டு எண்ணி, அறிக்கைக்குத் தேதியிட்டார் மனிதர். ஐரோப்பாவைக் காப்பியடிக்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம், தின்று செரித்துவிடு என்பது சாரம். 1960களின் இளைஞர்கள் அந்தப் பட்டியலில் பீட்டில்ஸையும் டிவியையும் பாட்மேனையும் சேர்த்துக்கொண்டார்கள். தாத்தா எழுதும்போது ஊரில் டிவி இல்லை.

தமிழ் வாசகருக்கு இது முழுக்க வெளியூர்ச் சமாச்சாரம் அல்ல. 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் பாரதி கேட்டது "எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் அறிந்து கொள்ளக்கூடிய சந்தம், பொது ஜனங்கள் விரும்பக்கூடிய மெட்டு". காவியத்தின் பெரும்பகுதிக்கு அவர் எடுத்தது நொண்டிச் சிந்து. தெருவில் பாடிய மெட்டு, பண்டிதர்கள் காவியத்துக்கு நினைத்தும் பார்க்காதது. நவீனத் தமிழ்க் கவிதை பிறந்த இடமே இந்த உரசல்தான். பிற்பாடு சிற்றிதழ் உலகம் சினிமாவிடமும் ஜனரஞ்சகப் பத்திரிகைகளிடமும் காட்டிய ஒவ்வாமைக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்போது அதற்கு வேலி தேவைப்பட்டது. வேலியே பயிர் என்று நம்பத் தொடங்கியதில்தான் எனக்கு வருத்தம்.

சரி, பிரேசிலில் இதற்கு விலை என்ன? முதலில் சொந்த முகாமிலிருந்தே அடி. 1968 செப்டம்பரில் சாவோ பாலோவில் ஒரு பல்கலைக்கழக அரங்கில் இன்னொரு பாட்டுப் போட்டி. பிளாஸ்டிக் உடையில் வந்த வெலோசோவின் மேல் இடதுசாரி மாணவர்கள் முட்டையும் தக்காளியும் எறிந்தார்கள். வெலோசோ பாட்டை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துக் கத்தினார்: ஆட்சியைப் பிடிக்கப்போகும் இளைஞர்கள் நீங்கள்தானா? அழகியலில் இருப்பது மாதிரியே அரசியலிலும் இருந்தீர்கள் என்றால் நாம் தொலைந்தோம். அவ்வருடக் கடைசியில் டிவி டூப்பி நிறுவனத்தில் இவர்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சி ஓடியது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வெலோசோ தன் தலையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு பழைய கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடினார். டிசம்பர் 13 அன்று ராணுவம் ஐந்தாம் எண் சட்டத்தைக் கொண்டுவந்து, எஞ்சியிருந்த உரிமைகளையும் பறித்திருந்தது. டிசம்பர் 27 அன்று ஜில்லும் வெலோசோவும் கைதானார்கள். பிறகு லண்டனில் நாடுகடந்த வாழ்க்கை, 1972இல்தான் திரும்பினார்கள். வெளிப்படையான எதிர்ப்புப் பாட்டு எழுதாதவர்களை ராணுவம் ஏன் பிடித்தது என்பது யோசிக்க வேண்டியது. டிவி வழியாகக் கூடத்துக்குள் நுழைகிற ஒழுங்கின்மை துண்டுப்பிரசுரத்தைவிட ஆபத்தாகப் பட்டிருக்கலாம்.

இன்னொரு விமர்சனம் கனமானது. பாரிஸில் தஞ்சமிருந்த ரொபெர்ட்டோ ஷ்வார்ஸ் என்ற மார்க்ஸிய விமர்சகர் 1970இல் எழுதிய கட்டுரையில் சொன்னார்: பழமையையும் புதுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பளபளவென்று காட்டுகிற இந்தப் பாணி, பிரேசிலின் ஏற்றத்தாழ்வைச் சரித்திரத்தின் விளைவாகக் காட்டாமல், நாட்டின் நிரந்தர விதிபோலக் காட்டிவிடுகிறது. குடிசையும் விண்கலமும் ஒரே சட்டகத்தில் இருந்தால் அது வினோதம். ஏன் அப்படி என்ற கேள்வி நழுவிவிடுகிறது. இதை லேசாகத் தள்ள முடியாது. இன்று விளம்பரப் படங்கள் செய்வதும் இதே ஒட்டுவேலைதானே? ஆனால் ஷ்வார்ஸின் வாதத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. அவர் பாட்டுகளைப் படிமங்களாகப் படிக்கிறார். அவை தொலைக்காட்சி என்ற இடத்தில், கூச்சலிடும் கூட்டத்தின் முன் நிகழ்ந்தவை என்பது அவர் கணக்கில் குறைவாகவே வருகிறது. அந்தக் கண்ணீர்ப் பாட்டு கண்காட்சிப் பொருளாக நின்றுவிடாமல், கேட்டவரின் ரசனைக்கும் வர்க்கத்துக்கும் நேராக வந்தது.

வெகுஜன வழியில் போனால் வெற்றி நிச்சயம் என்றும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜில் 2003இல் பிரேசிலின் கலாச்சார அமைச்சரானார். அதே குழுவில் இருந்த டாம் ஸேயின் கதை வேறு. பையாவின் இராரா என்ற சிற்றூரில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் நவீன இசை படித்து, 1968 டிவி ரெகார்ட் போட்டியில் முதல் பரிசே வாங்கியவர் அவர். அப்புறம் எல்லோரையும்விட அதிக தூரம் போனார். தரை மெருகேற்றும் இயந்திரங்களை வாத்தியமாக்கினார். 1976இல் சம்பாவை எலும்பு எலும்பாகக் கழற்றிப் பார்க்கிற ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். யாரும் வாங்கவில்லை. 1980களின் பிற்பகுதியில், ஊருக்குத் திரும்பி உறவினரின் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கலாமா என்று யோசிக்கும் நிலைமை. அந்தச் சமயத்தில் அமெரிக்க ராக் இசைக் கலைஞர் டேவிட் பிர்ன், ரியோவின் இசைத்தட்டுக் கடை ஒன்றில் அந்தத் தட்டைத் தற்செயலாக எடுத்தார். அது இருந்தது சம்பாப் பிரிவில். அட்டையில் முள்கம்பி இருந்ததால் சந்தேகப்பட்டு வாங்கிப்போய்க் கேட்டார். 1990இல் பிர்னின் நிறுவனம் டாம் ஸேயின் தொகுப்பை வெளியிட்டது. ஐம்பதைத் தாண்டிய வயதில் அவர் மறுபடியும் மேடை ஏறினார்.